நாற்பதாவது நிமிடம்

குளுக்கோஸ் பாட்டில்கள் வந்த அட்டைப் பெட்டி ஒன்று என் மேசையில் இருக்கிறது. மேற்புறத்தில் கத்தரியால் வெட்டிய ஒரு பிளவு. போன் சாயாமல் நிற்க எங்கள் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் வெட்டியது. கம்பத்தில் எங்களுடையது சின்ன மருத்துவமனை. அப்போதெல்லாம் சிக்கலான நோயாளி வந்தால் தேனி, பெரியகுளம், போடி மருத்துவர்களும் நானுமாக நான்கு அறுவை மருத்துவர்கள் இலவச வீடியோ செயலியில் கூடிப் பேசுவோம். நாற்பது நிமிடம் ஆனதும் அது தானாக நின்றுவிடும். வேண்டுமென்றால் மறுபடி இணையலாம். யாருக்கும் பொறுமை இருக்காது.

மூத்தவர் முதலில் பேசுவது எங்கள் வழக்கமாக இருந்தது. தேனிக்காரர் பழைய கேஸ்களை எடுத்தால் லேசில் விடமாட்டார். போடி டாக்டரம்மாதான் எல்லோருக்கும் இளையவர். இரத்தக்குழாய் பற்றி எங்களைவிட அதிகம் படித்தவர். அவர் முறை வருவதற்குள் பெரும்பாலும் நேரம் முடிந்துவிடும். இதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கோம்பையிலிருந்து ஒரு பெண் வந்தார். திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை. சர்க்கரை நோயால் இடது கால் விரல்கள் கறுத்து, பாதம் வீங்கி, காய்ச்சலும் இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம் என்றார் தேனிக்காரர். பெரியகுளத்தாரும் அதையே சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. "சார், ஒரு நிமிஷம்" என்று டாக்டரம்மா வாயெடுத்தபோது திரை அணைந்தது.

"சார், அந்தம்மா என்னமோ சொல்ல வந்தாக. திரும்பக் கூப்பிடுங்க" என்றார் சிஸ்டர்.

"மூணு பேர் சொல்லியாச்சுல்ல சிஸ்டர். தியேட்டரை ரெடி பண்ணுங்க."

எரிச்சலாகத்தான் சொன்னேன். போனை டிராயரில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனேன்.

காலை எடுத்து முடித்து வெளியே வந்து போனைப் பார்த்தபோது டாக்டரம்மாவின் செய்தி கிடந்தது. பாதத்தில் நாடி துடிக்கிறது என்றீர்களே, இரத்தம் ஓடுகிறது என்றுதானே அர்த்தம், விரல்களை மட்டும் எடுத்துச் சீழை வடித்து இரண்டு நாள் பார்க்கலாமே என்று கேட்டிருந்தார். நான் கத்தியை எடுப்பதற்கு முன்பே அனுப்பியது. கால் தப்பியிருக்குமா, தெரியாது. காத்திருந்து உயிரே போயிருக்கவும் கூடும். இந்தத் தெரியாமைதான் என்னை இன்னும் அரிக்கிறது. சிஸ்டரிடம் செய்தியைக் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார். ஓய்வு பெற்று அனுமந்தன்பட்டிக்குப் போகும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது கட்டணம் கட்டிய செயலி, நடுவில் நிற்பதில்லை. இளையவர்தான் முதலில் பேசுகிறார். பெட்டியை மட்டும் நான் மாற்றவில்லை.

சென்ற வாரம் அந்தப் பெண் செயற்கைக் காலோடு பரிசோதனைக்கு வந்தார். "உசுரைக் காப்பாத்திட்டீக சார்" என்று வழக்கம்போலக் கும்பிட்டார். அந்தச் செய்தியைப் பற்றி அவரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை. பெட்டியை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, அவருடைய வலது பாதத்தில் விரல் வைத்து நாடி பார்த்தேன். துடித்தது. பார்த்து முடித்த பிறகும் வெகுநேரம் விரலை எடுக்காமல் இருந்தேன்.