கார்த்திகையில் அடித்த சோழகம்

இல்லை, நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். றொபின் வானைக் காப்பாற்ற ஓடினான், கிழவனைத் தண்ணீருக்கு விட்டான் என்று சொல்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். வான் அடுத்த நாள் தெரு வளைவிலே ஒரு வீட்டுச் சீமெந்துப் படிக்கட்டின் மேல் நின்றது உண்மைதான். ஆள் கொண்டுபோய் நிறுத்தியதுபோல நேராகத்தான் நின்றது. ஆனால் தண்ணீர் தூக்கி வைத்ததை இவன் நிறுத்தி வைத்தான் என்றால் எப்படி?

றொபினைப் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். குருநகரில் இரண்டு பக்கமும் வீடுகள் நெருக்கின எங்கள் ஒழுங்கையில் என் வீட்டுக்கு எதிர்வீடு. தகப்பன் கடலுக்குப் போய்த் திரும்பாதபோது இவன் தவழ்கிற பிள்ளை. தாய் நேசம்மா அந்தோனியாருக்கு முன்னால் முழங்காலில் நின்று, என் பிள்ளை வள்ளத்தில் கால் வைக்கமாட்டான் என்று வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கை இவன் இன்றுவரை மீறவில்லை. அதனால் எங்கள் ஆட்களுக்கு இவன் எப்போதும் ஒரு மாற்றுக் குறைவுதான். 'தரைமீன்' என்று பட்டம் வைத்தார்கள். அவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். கட்டாரில் கிடந்து உழைத்துவந்து ஒரு பழைய டொல்பின் வான் வாங்கினான். பிள்ளைப்பேற்றுக்கு ஆசுபத்திரிக்குப் போனதும், மடுத் திருவிழாவுக்குப் போனதும், செத்தவர்கள் வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அந்த வானில்தான். கூப்பிட்டால் சோற்றுக் கையைக் கழுவிவிட்டு வருவான். அப்போது ஒருவரும் அவனைத் தரைமீன் என்று சொல்லவில்லை.

புயல் வருகிறது என்று விதானையார் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார். ஃபோன்களிலும் அதே கதைதான். பெரிய தெருவில் கார் வைத்திருக்கிறவர்கள் முதல் நாளே தங்கள் கார்களைக் கொண்டுபோய் மேட்டில் இருக்கிற கல்யாண மண்டபத்துக்குள் விட்டுவிட்டார்கள். மணவறைக்கு முன்னால் கார்கள் வரிசையாக நிற்கிற படத்தை எல்லோரும் பார்த்துச் சிரித்தோம். மண்டபத்துக் காவல்காரன் றொபினுக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தான். கொண்டுபோய் விடுங்கள் என்று மனைவி றொசாந்தி கெஞ்சினாள்.

"வானை அங்கை விட்டிட்டால் சனத்தை ஆர் ஏத்துறது?" என்று கேட்டான். நான் என் வாசலில் நின்று கேட்டேன். வானைக் காப்பாற்ற நினைத்தவன் பேசுகிற பேச்சா அது?

அடுத்த நாள் காலையில் வடக்கிலிருந்து வாடை பேய் பிடித்ததுபோல அடித்தது. நாங்கள் கூரைத் தகரத்தின் மேல் மண் மூட்டைகளையும் பழைய டயர்களையும் ஏற்றினோம். ஆண்கள் வள்ளங்களை இழுத்துப் பனைக்குற்றிகளில் கட்டினார்கள். அப்போதுதான் கடலைப் பார்த்தோம். கடல் வற்றிப்போய்க் கிடந்தது. வாடை தண்ணீரை முழுக்க எதிர்க்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்விட்டது. வள்ளம் நிற்கிற இடமெல்லாம் சேறு. பிள்ளைகள் இறங்கி நண்டு பொறுக்கினார்கள். பார்த்தவர்களுக்குப் பயம் விட்டுப்போயிற்று. எங்கள் கரைக்குத் தண்ணீரைக் கொண்டுவருவது சோழகம், தெற்கிலிருந்து வருகிற காற்று. சோழகம் வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு போய்விடும். கார்த்திகையில் சோழகம் அடித்ததை எங்கள் பாட்டன் பூட்டனும் கண்டதில்லை. கடலை அறிந்த சனம் நாங்கள். அந்த அறிவுதான் எங்களைத் தின்றது.

றொபின் வானைப் பின்பக்கமாக ஒழுங்கைக்குள் கொண்டுவந்து மேர்சியின் வாசலில்தான் முதலில் நிறுத்தினான். மேர்சியின் தகப்பன் அருளப்புக் கிழவனுக்கு ஒரு பக்கம் கை கால் வழங்காது. அவரைத் தூக்கத்தான் இவன் இறங்கினான். மேர்சி குறுக்கே வந்தாள். அவளும் புருஷனும் வள்ளத்து மெசினைக் கழற்றி வாசலில் வைத்திருந்தார்கள்.

"அப்புவைப் பிறகு ஏத்தலாம். முதல் மெசினைக் கொண்டுபோ."

"மேர்சியக்கா, மெசினுக்கு மூச்சு முட்டாது. அப்புவை ஏத்துங்கோ."

"கடல் எங்கை கிடக்குதெண்டு போய்ப் பார். நீ கடலுக்குப் போகாதவன், உனக்குக் காத்தைப் பற்றி என்ன தெரியும்? கார்த்திகையிலை சோழகமோ?"

நின்றவர்கள் சிரித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மெசின் வந்தது. எங்கள் பகுதியில் வீடு போனால் தகரம் கட்டி இருக்கலாம், மெசின் போனால் அடுப்பு எரியாது. கிழவனும் கட்டிலில் கிடந்துகொண்டே சொன்னார், "மெசினை ஏத்தடா மோனை. நான் ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு இருக்கிறன்." றொபின் வானின் சீற்றுகளைக் கழற்றி என் விறாந்தையில் வைத்தான். தூக்கி ஏற்றியவர்கள் அவர்களே. மேர்சியின் கை மெசினின் கீழே இருந்தது. என் கண் பார்த்தது.

அப்படி முதலாவதாகப் போனவை மெசின்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் இறக்கிவிட்டு வந்து பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றினான். சீற்று இல்லாமல் தரையில் குந்திக்கொண்டு போனோம். நானும் போனேன், மேர்சியும் போனாள். அப்புவோடு புருஷன் நிற்கிறான், அடுத்த முறை வருவார்கள் என்றாள். அந்தப் புருஷன் கிழவனைக் கட்டிலில் விட்டுவிட்டு, வற்றின கடலில் இறங்கிக் கடைசி வலையை இழுக்கப் போயிருந்தான்.

எங்களை இறக்கியவுடன் றொபின் திரும்பினான். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் காற்று நின்றது. பள்ளிக்கூடத்தில் சிலர் செபமாலையை முடித்து நன்றி சொல்லத் தொடங்கினார்கள். அதன் பிறகு மற்றப் பக்கத்திலிருந்து அடித்தது. தெற்கிலிருந்து. மண்டபத்தில் இருந்த கிழவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தள்ளிக்கொண்டு போன கடல் எல்லாம் திரும்பி வந்தது.

வளைவில் வானின் எஞ்சின் நின்றது. றொபின் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் ஒழுங்கைப் பக்கம் நடந்தான். தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டு போய் ஒரு மதிலில் அடித்தது. உடைந்த போத்தல் கண்ணாடி பதித்த மதில். அதைப் பிடித்துக்கொண்டுதான், தண்ணீர் இறங்கும்வரை கிடந்தான். மேர்சியின் புருஷன் கோயில் மதிலில் ஏறித் தப்பினான். அருளப்புவை அடுத்த நாள் வேலிக்கரையில் கண்டெடுத்தோம்.

றொபினின் உள்ளங்கைகளை யாராவது பார்த்தீர்களா? நான் பார்த்தேன். நான்தான் துணி மாற்றினேன். வானுக்குள் இருந்தவனுக்கு அந்தக் கை எங்கிருந்து வந்தது?

செத்தவீட்டிலேயே கதை தொடங்கிவிட்டது. கிழவனை விட்டுவிட்டு வானை மேட்டில் ஏற்றினான் என்றார்கள். மெக்கானிக் ஒருவர் வானைக் கழுவித் துடைத்து ஓடவைத்ததும், பார், வானுக்கு ஒன்றுமில்லை என்றார்கள். அது ஓடியதே அவன் குற்றமாகிவிட்டது. அவன் மகள் ஷெரோனோடு ஒரு பிள்ளையும் விளையாட வரவில்லை. நான் றொபினிடம் போனேன். நீயாவது உள்ளதைச் சொல்லடா என்றேன். "தகப்பனைப் பறிகுடுத்தவையோடை என்னத்தைக் கதைக்கிறது ஆச்சி?" என்றான். மேர்சியின் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அவளையும் எனக்குத் தெரியும். அவன் செய்யவில்லை என்றால், அவள் தன் கையைத்தான் பார்க்கவேண்டி வரும்.

மெசின்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பிக் கொண்டுவரவும் அவனைத்தான் கேட்டார்கள். வெட்கம் இல்லாத சனம். துணி சுற்றிய கைகளோடு ஓட்டிவந்து வீடு வீடாக இறக்கினான். மேர்சியின் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தான். மெசினை அணைத்துத் தூக்கி வந்து படியில் வைத்தான். அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

"மெசினெல்லாத்தையும் பத்திரமாய் இறக்கிப்போட்டாய். எங்கடை அப்புவை எங்கை இறக்கினனீ?"

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. நான் பேச வாயெடுத்தேன், றொபின் வேண்டாம் என்று கை காட்டினான்.

அடுத்த நாள் காலையில் உடுப்புகள் அடைத்த ஒரு பையோடு வெளியே வந்தான். றொசாந்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வானை எடுக்கேல்லையோ?"

"இல்லை. நடந்து போறன்."

வாசலை மறித்து நின்ற வானைச் சுற்றிக்கொண்டு, அதில் கை படாமல், ஒழுங்கையில் இறங்கினான். மேர்சி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவளுடைய வாசலைக் கடக்கும்வரை ஈர்க்குமாற்றைப் பிடித்தபடி குனிந்தே நின்றாள். அவன் கடந்த பிறகு கூட்டத் தொடங்கினாள்.