கீரைக் கூடைக்கு ஒரு டிக்கெட்

எங்கள் பஸ் நஷ்டத்தில் ஓடுகிறது என்ற செய்தி எங்களுக்குச் சென்னையிலிருந்துதான் வந்தது. தினமும் அதில் ஏறி இறங்கிய எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. காலை வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. ஆட்கள் நின்றது போக மிச்ச இடத்தில் கூடையும் மூட்டையும். அப்படி வருகிற வண்டி நஷ்டம் என்றால் யார் நம்புவார்கள்?

"எங்கள்" என்று சொல்கிறேனே தவிர, அது என் சொந்த ஊர் இல்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டை விட்டுக் கிளம்பியவன் நான். லாரியில் கிளீனராக இருந்தேன். கடலை மில்லில் மூட்டை தூக்கினேன். லாட்ஜில் அறை கூட்டினேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் முழுசாக நின்றதில்லை. யாரும் துரத்தவில்லை, கால் நிற்காது, அவ்வளவுதான். எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் அரசு பஸ் டெப்போவில் தினக்கூலி வேலை கிடைத்தது. பஸ் கழுவ வேண்டும், தடத்துக்குத் தகுந்தாற்போல் முன்கண்ணாடிக்கு மேலே ஊர்ப் பலகையை மாற்ற வேண்டும்.

டவுனில் வாடகை கட்டாது. கீழ்பென்னாத்தூரைத் தாண்டி ஏரிக்கரையில் இருந்த ஒரு ஊரில், கீரை விற்கிற ஒரு அக்காவின் மாட்டுக்கொட்டகையில் பாதியை வாடகைக்கு எடுத்தேன். மாடு இல்லாத கொட்டகை. மாட்டை விற்றுத்தான் அவள் கிணற்றை ஆழப்படுத்தியிருந்தாள். புருஷன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. அரை ஏக்கர், நாலு பாத்தி, அரைக்கீரை, முளைக்கீரை, சிறுகீரை. விடிவதற்கு முன்னால் பிடுங்கி, தண்ணீர் தெளித்து, இரண்டு கூடை கட்டி அந்த முதல் பஸ்ஸில் ஏற்றினால்தான் டவுனில் மெஸ்காரர்கள் சமையலுக்கு நறுக்குவதற்குள் போய்ச் சேரும். அடுத்த பஸ் பத்து மணிக்குமேல். அதில் போகிற கீரையை மாடுதான் தின்னும். அதனால் அந்த முதல் பஸ் நின்றுபோனால் அவளும் பெங்களூருக்குச் சித்தாளாகச் சட்டி தூக்கத்தான் போக வேண்டும். இதை அவள் அழுது சொல்லவில்லை. ஒரு நாள் கீரைக் கட்டுக்கு வாழைநாரைக் கிழித்துக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

செய்தி வந்த விதம் இது. டெப்போவில் கிளார்க் ஒருவர் இருந்தார். காலையில் பேப்பரை எனக்கும் சேர்த்துச் சத்தமாகப் படிப்பார். சட்டசபையில் அரசு நிறுவனங்களின் நஷ்டத்தைப் பற்றிப் பெரிய விவாதம் நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"டேய், நஷ்ட ரூட்டெல்லாம் நிறுத்தப் போறாங்களாம். லிஸ்ட் வந்துடுச்சு. உங்க ஊர் வண்டி மொதல்ல நிக்குது."

"நம்ம வண்டியா? கூட்டம் தாங்கலையே சார்."

"கூட்டத்தை யாருடா கேட்டா? கலெக்‌ஷன் கம்மி."

எனக்கு உடனே ஒரு காரணம் பிடிபட்டது. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் எங்கள் ஊர் வண்டியை எடுத்துச் சிறப்பு வண்டியாக விட்டுவிடுவார்கள். சித்திரைப் பௌர்ணமிக்கும் அப்படியே. அந்த நாட்களின் வசூல் சிறப்பு வண்டிக் கணக்கில் போய்விடும். எங்கள் ரூட்டுக்கு நேரே வெறும் சைபர் நிற்கும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஊர்ப் பலகையைக் கழற்றிவிட்டுச் சிறப்புப் பலகையை மாட்டியவன் நானே.

அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடம் இதைச் சொன்னேன். மனு எழுத வேண்டும் என்றார்கள். ஊரில் என்னைவிடப் படித்தவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் கடுதாசியில் கையெழுத்துப் போடுகிற வம்பு வேண்டாம் என்றார்கள். அதனால் நான் எழுதினேன். தீபத்துக் கதையை எழுதினேன். கடைசியில், வண்டியின் நெரிசல் தெரிய வேண்டுமே என்று, "தினமும் இருபது முப்பது காய்கறிக் கூடைகளும் கடலை மூட்டைகளும் ஏறுவதால் நிற்கவும் இடம் இல்லை" என்று நாலு வரி சேர்த்தேன். அந்த நாலு வரியில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தொகுதி எம்.எல்.ஏ. பயணியர் விடுதிக்கு வந்தபோது மனுவைக் கொடுத்தோம். படித்துப் பார்த்தார். "நல்ல பாயிண்ட்டு. சட்டசபையில போக்குவரத்து மானியக் கோரிக்கை வர்ற அன்னிக்கு நானே பேசறேன். நீங்க யாராவது வந்து கேட்டுக்கங்க, பாஸ் தர்றேன்" என்றார். போய்வரக் காசு இல்லாதவர்கள்தான் எல்லோரும். ஆனால் டிக்கெட் இல்லாமல் லாரியில் போய்ப் பழகியவன் நான் ஒருவன். என்னை அனுப்பினார்கள்.

கிளம்புகிற அன்று அந்த அக்கா ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கட்டுக் கீரை கொடுத்தாள்.

"எம்.எல்.ஏ. வூட்டம்மாகிட்ட குடு. வெறுங்கையோட போவாதே."

சென்னையில் எம்.எல்.ஏ. விடுதியில் அந்தக் கீரையைக் கொடுத்தேன். எம்.எல்.ஏ.வே வாங்கி முகர்ந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். கோட்டை வாசலில் அவர் தந்த பாஸைக் காட்டி உள்ளே போனேன். பேப்பர், பேனா, பை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். பார்வையாளர் மேல்மாடத்தில் உட்கார்ந்ததும் வெள்ளைச் சீருடைக் காவலர் ஒருவர் வந்து என் காலைத் தட்டினார். கால்மேல் கால் போடக்கூடாதாம். இறக்கினேன்.

அதுவரை எனக்கு அரசாங்கம் என்பது டெப்போ மேனேஜரும் தாலுக்கா ஆபீஸ் வாசலும்தான். அன்றுதான் அதன் வாயைப் பார்த்தேன். ஒரு உறுப்பினர் எழுந்து, நஷ்டத்தில் ஓடுகிற தடங்களைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டால் கஜானா பிழைக்கும் என்றார். இன்னொருவர் குதித்து எழுந்தார்.

"அரசு பஸ் என்ன மளிகைக் கடையா? போணி ஆகாத சாமானை அடுக்கிலிருந்து எடுத்துவிட?"

மேசையைத் தட்டினார்கள். மந்திரி நிதானமாக எழுந்தார். "லாபம் கேட்கவில்லை. டீசலுக்காவது பணம் வர வேண்டாமா? பஸ் கணக்கில் விழுகிற பள்ளத்தை நிரப்புகிற பணம் வானத்திலிருந்து வருவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதிலிருந்து எடுத்துத்தான் கொடுக்கிறோம்" என்றார்.

நான் ஒரு முறை வாந்திபேதி வந்து அரசாங்க ஆஸ்பத்திரித் தரையில் பதினோரு நாள் பாய் இல்லாமல் படுத்திருந்தவன். அந்தப் பாய் எங்கே போனது என்று அன்றுதான் முதல் தடவையாக யோசித்தேன். மளிகைக் கடை என்று கேட்டவர் பேச்சும் எனக்குப் பிடித்திருந்தது. மந்திரி சொன்னதையும் தள்ள முடியவில்லை.

பிறகு எங்கள் எம்.எல்.ஏ. எழுந்தார். வாக்குத் தவறவில்லை. தீபத்துக்கு வண்டியைப் பறிப்பதையும் வசூல் வேறு பக்கம் போவதையும் அழகாகச் சொன்னார். மனுவின் கடைசி நாலு வரியையும் அப்படியே படித்தார். நான் இருக்கை நுனிக்கு நகர்ந்தேன். அதற்குள் அதிகாரிகள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து மந்திரிக்கு ஒரு துண்டுத்தாள் போயிற்று.

"தீபக் கணக்கைத் திருத்தச் சொல்கிறேன், உறுப்பினர் சொன்னது நியாயம்" என்றார் மந்திரி. "ஆனால் தினமும் இருபது முப்பது கூடை ஏறுவதாக அவரே சொல்கிறார். அந்த வண்டியில் ஒரு வருடமாக ஒரு லக்கேஜ் டிக்கெட்கூடக் கிழிக்கப்படவில்லை என்று இங்கே எழுதியிருக்கிறது. கூடைகள் பறந்து வந்தனவா?"

சபை முழுவதும் சிரித்தது. எம்.எல்.ஏ. மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

மந்திரி சொன்னது உண்மை. கூடைக்குச் சுமை டிக்கெட் வாங்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கண்டக்டர் நல்ல மனிதர். "வுடுக்கா, கீரைக்கு இன்னாத்துக்கு டிக்கெட்டு" என்பார். அவள் இறங்கும்போது அவர் சீட்டுக்கு அடியில் ஒரு கட்டு அரைக்கீரையை வைத்துவிட்டுப் போவாள். கடலைக் காலத்தில் மூட்டைக்காரர்கள் ஆளுக்கு ஒரு படி அளந்து வைப்பார்கள். யாரும் அதை லஞ்சம் என்று நினைத்ததில்லை. மரியாதை என்றே நினைத்தோம். அந்த மரியாதையில் எங்கள் வண்டியை நாங்களே தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறோம். எம்.எல்.ஏ.வுக்குக் கொண்டுபோன கீரைக் கட்டும் நினைவுக்கு வந்தது.

கடைசியில் மந்திரி மூன்று மாதம் தவணை கொடுத்தார். டீசலுக்கு ஆகிற அளவு வந்தால் வண்டி ஓடும், இல்லையென்றால் நிற்கும். அடுத்த உறுப்பினர் சர்க்கரை ஆலைக்குப் போகிற பஸ்ஸைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

மறுநாள் ஊருக்கு வந்ததும் கொட்டகைக்குப் போகாமல் நேரே பாத்திக்குப் போனேன். அக்கா தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். என் நாலு வரியைப் பற்றியும் சொன்னேன்.

"அப்போ நம்ம கூடைதான் நம்ம பஸ்ஸ நிறுத்துதா?"

"ஆமாக்கா. அங்க கூடை தெரியாது. டிக்கெட்டுதான் தெரியும்."

மண்வெட்டியை வரப்பில் குத்தி நிறுத்தினாள். "சரி. நாளையிலேர்ந்து வாங்கறேன்."

வாங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. மறுநாள் காலை வண்டியில் அவள் சில்லறையை நீட்டி, "ரெண்டு கூடைக்கும் லக்கேஜ் போடு" என்றதும் கண்டக்டர் முகம் செத்துவிட்டது.

"இன்னாக்கா புதுசா? நான் கேட்டனா?"

"நீ கேக்கலை. சட்டசபையில கேட்டாங்க."

"யக்கோவ், ஒரு வருஷமா போடாம இன்னிக்கு திடீர்னு போட்டா, இத்தினி நாளா இன்னா பண்ணேனு டெப்போ மேனேஜர் என்னைக் கேப்பான். மெமோ குடுப்பான்."

"மெமோ வந்தா நீ வேற ரூட்டுக்குப் போவே. பஸ்ஸு நின்னா நான் எங்கய்யா போவேன்? கிழி."

"கீரை வித்த காசுல பாதிய பஸ்ஸுக்கே குடுக்கப் போறியா?" என்று பின்னாலிருந்து ஒரு கடலை மூட்டைக்காரர் கத்தினார்.

"இப்ப கால்வாசி குடுக்கறேன். பஸ்ஸு நின்னப்புறம் முழுசா மாட்டுக்குக் குடுப்பேன். நீ உன் மூட்டைய தலையில வெச்சுக்கினு டவுனுக்கு நடந்து போ, நான் பாக்கறேன்."

வண்டி சிரித்தது. கண்டக்டர் கிழிக்கவில்லை. அவள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். டிரைவர் ஹாரன் அடித்தார். டிக்கெட் கிழியாமல் வண்டி நகரக்கூடாது என்று சொல்லி, கூடை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கீரை வாடிக்கொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியும். தண்ணீர் தெளித்துக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் கண்டக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு டிக்கெட் கிழித்தார். அவள் எழுந்து கூடையை உள்ளே தள்ளினாள்.

மூட்டைக்காரர்கள் வழிக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. நான் தினமும் டெப்போவில் கிளார்க்கிடம் எங்கள் ரூட்டு வசூலைக் கேட்டு வந்து சாயங்கால வண்டியில் சத்தமாகச் சொல்வேன். ஏறினால் ஏறிற்று என்பேன், இறங்கினால் யார் மூட்டைக்கு வாங்கவில்லை என்று பேர் சொல்லிக் கேட்பேன். இரண்டு பேர் என்னை அடிக்க வந்தார்கள். ஒருவர் அடித்தே விட்டார். மறுநாளும் சொன்னேன். வம்புக்காரப் பரதேசி என்றார்கள். பரதேசிதான், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள்கூட வேறு ஊருக்குப் போகலாம் என்று தோன்றவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

கண்டக்டருக்கு அவர் பயந்தபடியே மெமோ வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. அவர் எங்கள் யாரோடும் பேசுவதை நிறுத்தினார். டிக்கெட் மட்டும் ஒழுங்காகக் கிழித்தார்.

தவணை முடிந்த வாரம் கிளார்க் என்னைக் கூப்பிட்டார். ஒரு புதுப் பலகையும் பெயிண்ட் டப்பாவும் கொடுத்தார். "உங்க ஊர்ப் போர்டு மழையில உதிர்ந்து போச்சே, புதுசா எழுதி மாட்டு. எழுத்து பெருசா இருக்கட்டும்" என்றார். எழுதினேன். ஊர்ப் பெயர் நீளம், கடைசி எழுத்து ஓரத்தில் இடித்துக்கொண்டது.

மறுநாள் விடியலில் அந்தப் பலகையோடு வண்டி ஊருக்குள் வந்து நின்றது. அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. "புதுசா இருக்குதே" என்றாள். ஓடும் என்றேன். சரி என்று கூடையை ஏற்றினாள். டிக்கெட்டுக்குச் சில்லறை கொடுத்தாள். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். கீழ்பென்னாத்தூர் தாண்டும்வரை முன்னாலும் பின்னாலும் நடந்துகொண்டிருந்தவர், அவள் பக்கத்தில் வந்து நின்று, வெளியே பார்த்தபடி கேட்டார்.

"அரைக்கீரை கட்டு எவ்ளோக்கா?"

"நாலணா."

இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து சொந்தக் காசை எடுத்துக் கொடுத்தார். அவள் எண்ணி வாங்கி முந்தானை முடிச்சில் போட்டாள். பிறகு கூடைக்குள் கையை விட்டு, மேலே இருந்ததைத் தள்ளிவிட்டு, அடியிலிருந்து நல்ல கட்டாக ஒன்று எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.