நாட்றாம்பாளையம் இறக்கமும் எங்கள் வண்டியின் சூடும்

2007 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓசூரை ஒட்டிய மத்திகிரியிலிருந்து நாட்றாம்பாளையத்துக்கு பைக்கில் போனோம். அது என் புகுந்த ஊர். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது, அப்போதுதான் முதல்முறை பார்க்கப் போகிறேன். நான் விருதுநகர்ப் பக்கம். என் கணவர் மாதேஷ் இந்தப் பக்கம். ஓசூரில் வேலை செய்யும் இடத்தில் பழகி, இரண்டு வீட்டிலும் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டோம். மாமியார் போனில் பேசுவார். மாமனார் என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. "ராகி அறுத்தாச்சு, வந்துட்டுப் போங்க" என்று மாமியார் கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். மாமனார் என்னிடம் பேசிவிட வேண்டும், எனக்கு அது போதும்.

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல். தேன்கனிக்கோட்டையில் இரண்டு பேருக்கும் சேர்த்து இருபத்தெட்டு ரூபாயில் இட்லி, காபி முடிந்தது. அங்கிருந்து அஞ்செட்டி சுமார் 25 கிலோமீட்டர், பெரும்பாலும் காட்டு வழி. மூங்கில், குளிர், நடுரோட்டில் யானைச் சாணம். ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள், நான் அப்படித்தான் போய் நடுங்கினேன்.

இறக்கம் தொடங்கியதும் மாதேஷ் கியரில் இருந்தபடியே சாவியைத் திருகி இன்ஜினை அணைத்துவிட்டார்.

"என்னங்க பண்றீங்க?"

"எங்கப்பா இப்பிடித்தான் ஓட்டுவாரு. பெட்ரோல் மிச்சம்."

"உங்கப்பா வண்டியில கன்வெர்ட்டர் கிடையாது. இதுல இருக்கு!"

சாவியை மறுபடி போட்டதும் சைலன்சர் 'டப்' என்று வெடித்தது. மரத்திலிருந்த குரங்குகள் சிதறி ஓடின. மனுஷர் சிரிக்கிறார்.

நான் வேலை பார்ப்பது சைலன்சர் செய்யும் கம்பெனியில், அதனால் எனக்கு வயிறு எரிந்தது. புது வண்டிகளின் சைலன்சருக்குள் பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு கூடு இருக்கும். சிலவற்றில் தகடு, எங்கள் வண்டியில் பீங்கான். அதன்மேல் பிளாட்டினம் போன்ற விலை உயர்ந்த உலோகங்களைப் பூசியிருப்பார்கள். புகையில் இருக்கும் விஷ வாயுக்கள் அந்தச் சூட்டில் பூச்சின்மேல் பட்டு, தீங்கு குறைந்தவையாக மாறி வெளியே போகும். அதுதான் கன்வெர்ட்டர். சாவியை அணைத்துவிட்டு கியரில் உருட்டினால், எரியாத பெட்ரோல் அங்கே போய்ச் சேர்ந்து, கூட்டுக்குள்ளேயே எரியும். கூடு உருகி அடைத்துக்கொண்டால் புகை வெளியேற வழியிருக்காது, வண்டி இழுக்காது.

இத்தனையும் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். எந்தக் காதில் வாங்கினாரோ, ஊருக்கு இறங்கும் கடைசி இறக்கத்திலும் அதையே செய்தார்.

வீட்டு முன்னால் களம். ராகித்தாள் பரப்பிக் கிடந்தது, பக்கத்திலேயே அடிக்காத கதிர்ப் போர். மாதேஷ் வண்டியைத் தாள்மேலேயே ஏற்றி நிறுத்தினார். மாமியார் ஆரத்தி கரைக்க உள்ளே ஓடினார். மாமனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார்.

அப்போது வண்டிக்கு அடியில் புகை. சைலன்சர் வயிற்றில் ஒட்டிய தாள் பற்றிக்கொண்டது. போர் பத்தடியில்தான், அவர்களின் ஒரு வருஷச் சோறு. மாமனார் தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, நேராக சைலன்சர்மேல் வீசப் போனார்.

"அதுல ஊத்தாதீக மாமா! உள்ள விரிசல் விட்டுரும்! தாள்ல ஊத்துங்க!"

நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு இப்படிக் கத்தலாக அமைந்தது. ஒரு நொடி நின்று என்னைப் பார்த்தவர், சொன்னபடியே தாளில் ஊற்றி, மிச்சத்தைக் காலால் தள்ளி அணைத்தார். நான் வண்டியை இழுத்து வெளியே தள்ளினேன். கெண்டைக்கால் சைலன்சரில் பட்டு, அம்மா என்று உட்கார்ந்துவிட்டேன்.

"சுட்டுடுச்சா கண்ணு? எங்க, காட்டு."

கேட்டது மாமனார். வேலியோரத்தில் சோற்றுக்கத்தாழை ஒடித்துவந்து கையில் கொடுத்தார். வலியில் அழுவதாக எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது வலியால் வந்த அழுகை இல்லை.

"அதுக்குள்ள அப்பிடி என்னாதான் கீது?" என்று கேட்டார்.

"தேன்கூடு மாதிரி ஒண்ணு மாமா. இறக்கத்துல சாவிய அணைச்சா அதுக்குள்ள நெருப்புப் பிடிச்சிரும்."

மகன் பக்கம் திரும்பினார். "தேன்கூட்டுல நெருப்பு வெப்பானாடா எவனாச்சும்?" அதற்குப் பிறகு கன்னடத்துக்கு மாறிவிட்டார். அவர் வீட்டில் திட்டெல்லாம் கன்னடம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இப்படி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது யார் என்று மாதேஷ் வாயைத் திறக்கவில்லை, நல்ல பிள்ளை.

இந்த வழியில் போக நினைப்பவர்கள் காலையிலேயே கிளம்பி, இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டி வந்துவிடுங்கள், யானை நடமாட்டம் உண்டு. அஞ்செட்டி தாண்டினால் பங்க் கிடைக்குமென்று நம்பாதீர்கள். அவசரத்துக்குக் கடையில் பாட்டிலில் விற்கும் பெட்ரோலும் வேண்டாம், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கூடு கெட்டுப்போகும். இறக்கத்தில் இரண்டாம் கியர், சாவியைத் தொடாதீர்கள். ஸ்டார்ட் ஆகாத வண்டியைத் தள்ளிக்கொண்டே இருக்காமல் பிளக்கைப் பாருங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று அர்த்தம், அதுவும் பூச்சைக் கெடுக்கும். சூட்டோடு வண்டியைக் கழுவாதீர்கள். காய்ந்த புல்லில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

பொங்கலுக்கு மறுபடி போனோம். களத்தோரம் புல்லைச் செதுக்கி, பெரிய கல் பலகை ஒன்றைப் பதித்திருந்தார்கள். என்னவென்று நான் பார்ப்பதற்குள் மாமனார் வந்துவிட்டார்.

"உன் வண்டிக்குத்தான் கண்ணு. அது மேல ஏத்தி நிறுத்து."

வண்டி மாதேஷ் பெயரில் இருக்கிறது. அதை நான் அவரிடம் சொல்லவில்லை.