என்ன கறி?

வெள்ளத்தில் சனம் இடம்பெயர்ந்த அந்த மாரியில், வங்காலைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் இருந்த இடைத்தங்கல் முகாமில் எனக்கு வேலை. குழந்தைகளின் மேற்கையில் மூன்று நிற நாடாவைச் சுற்றி அளப்பேன். பச்சையில் நின்றால் பிள்ளைக்குப் பயமில்லை. மஞ்சள் என்றால் மெலிகிறது. சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிதான். சத்துமா கொடுப்பதும் தாய்மாரின் சாப்பாட்டை விசாரிப்பதும் என் பொறுப்பு. பின்னேரம் உப்புக்குளத்தில் உள்ள வாடகை அறைக்குத் திரும்புவேன். அங்கே என்னை விசாரிக்க ஆளில்லை.

எங்கள் பக்கத்தில் "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டால் "ஓம்" என்பதுதான் மரியாதை. இல்லை என்றால் சோறு கேட்ட மாதிரி ஆகிவிடும். வயிறு காய்ந்து கிடப்பவர்கள்தான் இன்னும் பலமாக "ஓம்" என்பார்கள். வேலைக்கு அனுப்பிய கந்தோரில் எங்களுக்குச் சொல்லித் தந்த கேள்வியும் அதுதான். யார் யோசித்தார்களோ, நல்ல கெட்டித்தனம்!

முகாமில் மீன்பிடிக் குடும்பத்து இளம் தாய் ஒருத்தி, எட்டு மாதக் குழந்தையோடு இருந்தாள். குழந்தை மஞ்சளில் நின்றது. அடுத்த கிழமை அளந்தபோது சிவப்பை ஒட்டிவிட்டது. சத்துமாவை ஒழுங்காகத்தான் குழந்தைக்குத் தீத்தினாள். ஆனால் பால் போதாமல் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது.

"மத்தியானம் சாப்பிட்டியோ பிள்ளை?"

"ஓம் மிஸ், சாப்பிட்டாச்சு."

எரிச்சலில், "என்ன கறி?" என்று கேட்டுவிட்டேன்.

"மீன்" என்றாள், யோசிக்காமல்.

அன்று முகாமில் பருப்பும் பூசணிக்காயும். காற்று அடித்த அடியில் பல நாளாக ஒரு வள்ளமும் கடலில் இறங்கவில்லை. பிறந்ததிலிருந்து தினமும் மீன் கறி தின்ற வாய், பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"இந்தக் காத்துக்குள்ளை ஆர் கடலுக்குப் போனது?"

தலையைக் குனிந்தாள். "அவர் வள்ளத்தோட நிக்கிறார் மிஸ். எஞ்சினைக் களவெடுத்துப் போடுவாங்கள் எண்டு வரமாட்டாராம். இஞ்ச தங்கிற ஆக்களுக்குத்தானே சோத்துப் பார்சல் குடுக்கினம்? பின்னேரம் வந்து என்ரையைக் கொண்டுபோவார்."

"நீ?"

"எனக்கு இரவைக்குப் பாண் தருவினம்."

எனக்கு வந்த கோபம் அவள்மேல் இல்லை. நேரே சமையல் கொட்டிலுக்குப் போனேன். டவுனில் இருந்து கடையைப் பூட்டிவிட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்த முஸ்லிம் வியாபாரியிடம் சத்தம் போட்டேன். அவர் அகப்பையைக் கீழே வைக்கவே இல்லை.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா மிஸ்? ஒரு பார்சல் கூடப் போட்டாப் போச்சு."

அன்றிலிருந்து மத்தியானத்தில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் கூச்சப்படுவாளே என்று நானும் ஒரு பார்சலைப் பிரிப்பேன். பக்கத்தில் ஒருவர் இருக்க நான் சாப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சோறு இரண்டு வாய் கூடவே இறங்கியது. இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை.

குழந்தை மெல்ல மெல்லத் தேறியது. நாடா பச்சைக்கு வந்த அன்று அவள் சிரித்த சிரிப்பை இப்போதும் நினைப்பேன். பிறகு வெள்ளம் வடிந்தது. சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குப் போனது. பாடசாலையில் மணி அடிக்கத் தொடங்கியது. நான் என் அறைக்கு வந்தேன். சுகமாகப் போய்விட்டார்கள் என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் அந்த மத்தியானங்கள் இல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவள் தொலைபேசி எடுத்தாள். வெளியே காற்று கூரைத் தகரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. குழந்தை பிடித்துப் பிடித்து நடக்கிறதாம். "அவர்" வீட்டில்தானாம்.

"மிஸ், சாப்பிட்டனீங்களோ?"

மேசையில் வெறும் தேத்தண்ணியும் இரண்டு பிஸ்கட்டும் இருந்தன. காலையிலிருந்து அவ்வளவுதான்.

"ஓம், சாப்பிட்டாச்சு" என்றேன்.

"என்ன கறி?"

"மீன்."

அவள் மெதுவாகக் கேட்டாள்:

"இந்தக் காத்துக்குள்ளை ஆர் மிஸ் கடலுக்குப் போனது?"