நாற்பது வரை மௌனம்

தனி ஆளாக நாடகம் எழுதி, தனி ஆளாக நடித்து, தனி ஆளாகப் பஸ் ஏறி வீடு திரும்புகிறவனிடம் பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்து விழாக்காரர்கள் கேட்பது இரண்டே கேள்விகள். முதலாவது, "மத்தவங்க எல்லாம் எப்ப வருவாங்க, சார்?" நான் ஒருவன்தான் என்றால் இரண்டாவது, "அப்ப மிமிக்ரிங்களா?" முப்பத்தொரு ஆண்டுகளாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவருக்கும் மூன்றாவது கேள்வி தோன்றியதில்லை.

என்னுடைய பதினான்கு நாடகங்களில் ஒன்றை மட்டும்தான் இன்னும் கேட்கிறார்கள். அது அரை மணியில் முடிந்துவிடும், சாப்பாட்டுக்குத் தாமதமாகாது என்பது காரணம். சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு முந்திரித் தோப்பை விற்ற ஒரு விவசாயி, சில ஆண்டுகள் கழித்து அங்கே போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறான். பேசுவதில்லை. நடிக்கிற நான் மனதுக்குள் நாற்பது எண்ணுவேன். பிறகு அவன் பக்கத்திலிருக்கும் அதிகாரியிடம் ஒன்றே ஒன்று கேட்பான்: "ஆழம் போதுங்களா?" அதோடு நாடகம் முடிகிறது. அந்த நாற்பது இல்லாவிட்டால் அது கிணறு வெட்டுகிறவன் கேட்கிற கேள்வி. முப்பதிலும் நிறுத்திப் பார்த்தேன். முப்பதில் அவன் கண் இன்னும் பள்ளத்தின் அடியை எட்டவில்லை.

ஆனால் எங்கள் ஊர் மேடை நாற்பதைத் தாங்காது. பாடாலூரில் ஒன்பது எண்ணுவதற்குள் மைக்செட்காரர் குத்துப்பாட்டுப் போட்டார். மேடை சும்மா இருந்தால் பாட்டுப் போட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் தொழில் தர்மமாம். பெரம்பலூரில் மைக்செட்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். பாட்டு வரவில்லை, பதினேழில் விழாத் தலைவர் மேடையேறிப் பொன்னாடை போர்த்திவிட்டார். "வசனம் மறந்தா என்னங்க, வயசாயிடுச்சுல்ல" என்று காதில் ஆறுதல் வேறு. நிலத்தை இழந்தவன் ஜரிகைப் பொன்னாடையோடு பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். முன்வரிசை கைதட்டியது.

இந்த மாசியில் அரியலூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வாசகர் வட்ட ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பாதிப் பேர் சுரங்கத்துக்கு நிலம் விற்றவர்கள். இவர்களுக்காவது அந்த ஒரு வரி ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டும் என்ற வெறியோடு மைக்செட்காரரைப் பிடித்தேன்.

"கடைசியில பேசாம நிப்பேன். நாப்பது எண்ணி முடிக்கிற வரைக்கும் பாட்டுப் போடாதீங்க. யாரையும் மேல ஏறவும் வுடாதீங்க."

"நாப்பதா? பத்து போதாதுங்களா?"

"போதாது."

"சரி வுடுங்க சார், நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். பள்ளத்தின் விளிம்புக்கு வந்து நின்றேன். பத்து. இருபது. கூட்டத்தில் ஓர் இருமல்கூட இல்லை. இருபத்து மூன்றில் தலைவர் பொன்னாடையைப் பிரித்துக்கொண்டு எழுந்தார். உடனே ஒலிபெருக்கி அலறியது.

"அண்ணே, உக்காருங்கண்ணே! சார் நாப்பது எண்ணிக்கிட்டு இருக்காரு. இப்பதான் இருபத்தாறு!"

மைக்செட்காரர் வேகமாக எண்ணுகிற ரகம். தலைவர் உட்கார்ந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "இருபத்தேழு" என்றது ஒலிபெருக்கி. முப்பதில் பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். முப்பத்தைந்தில் வாசகர் வட்டத்துச் செயலாளரே சேர்ந்துகொண்டார். ஆண்டு முழுக்கப் புத்தகம் படிக்கிறவர். நாற்பதை ஊரே கூவி விசிலடித்தது. என் கணக்கில் அப்போது முப்பத்து மூன்று.

அந்த இரைச்சலுக்குள் "ஆழம் போதுங்களா?" என்றேன். எனக்கே கேட்கவில்லை. பொன்னாடை விழுந்தது. மைக்செட்காரர் என்னைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் தூரத்திலிருந்து கும்பிட்டார்.

போன வாரம் ஜெயங்கொண்டத்திலிருந்து ஒரு விழாக்காரர் போன் செய்தார். மத்தவங்க எப்ப வருவாங்க என்று கேட்கவில்லை. மிமிக்ரியா என்றும் கேட்கவில்லை.

"சார், அந்த நாப்பது எண்ணுற நாடகம் நீங்கதானே? எங்க ஊர்ல அம்பதா வெச்சுக்கலாங்களா? கூட்டம் எங்களுக்கு ஜாஸ்தி."

முப்பத்தொரு ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது கேள்வி. பதில் சொல்லாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஆறு எண்ணுவதற்குள், "ஹலோ... ஹலோ... சிக்னல் இல்ல போலருக்குடா" என்று யாரிடமோ சொல்லி வைத்துவிட்டார்.