புல் வெட்டும் சத்தம்

தெருவில் அவளுக்குத் தையல் அக்கா என்று பேர். கணவர் பார்சல் லாரி ஓட்டியவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்தரையை லீவு நாளில் பெட்ரோல் மிஷினைத் தள்ளி ஒரே மட்டமாக வெட்டி வைப்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. அப்படி வெட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

அவள் அப்போது முன்னறையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். பின்பக்கம் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. சத்தம் இருந்ததால் ஆளும் இருக்கிறார் என்று இருந்துவிட்டாள். பெட்ரோல் தீர்ந்து சத்தம் நின்ற பிறகுதான், "டீ போடவா?" என்று கேட்டபடி பின்வாசலுக்குப் போனாள்.

"விழுந்த உடனேயே உயிர் போயிருக்கும்மா" என்றார் டாக்டர். அதைப் பிடித்துக்கொண்டு எப்படியோ தேறியிருப்பாள். ஆனால் துக்கம் விசாரிக்க வந்த எதிர்வீட்டு எலெக்ட்ரீஷியன் சும்மா இருக்காமல், "இந்த மிஷின்ல கைப்பிடியோட ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்திப் பிடிச்சாத்தான் ஓடும், விட்டா நின்னுடும்" என்று யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அப்படியானால் அவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது யார்? உயிரோடு, பிடியை விடாமல், தன்னைக் கூப்பிடக்கூட முடியாமல் கிடந்தாரா? இதை அவள் யாரிடமும் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் புல் வெட்டும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மாடியில் குடியிருந்த நாத்தனார், "பழைய இரும்புக்குப் போட்டுடலாம் அண்ணி. அது கண்ணுல படவே வேணாம்" என்று பலமுறை சொல்லிப் பார்த்தாள். இவள் பிடி கொடுக்கவில்லை. புல் இடுப்பளவு வளர்ந்த பிறகு ஒரு நாள் மிஷினைக் கொட்டகையிலிருந்து சிமெண்ட் தரைக்கு இழுத்து வந்தாள்.

"உங்களுக்கு எதுக்கு அண்ணி இந்த வேலையெல்லாம்?"

"தையல் மிஷினைக் கழட்டி மாட்டறவளுக்கு இதுக்கு என்ன கொம்பா முளைச்சிருக்கு?"

முதலில் ஸ்பார்க் பிளக்கின் ஒயரை உருவிவிட்டாள். தெரியாமல் பிளேடு சுற்றிவிடக் கூடாதே. டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல் வார்னிஷ் போல நாறியது. வடித்துக் கொட்டினாள். ஏர் ஃபில்டரின் பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தாள். பிளக்கின் கரியைச் சுரண்டி மாட்டி, ஒயரைத் திரும்பச் செருகி, கொஞ்சம் புது பெட்ரோல் ஊற்றி, இன்ஜினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். இருமிவிட்டு அடங்கியது. பிளக்கில் தீப்பொறி வந்தது. பெட்ரோல்தான் போய்ச் சேரவில்லை. கார்புரேட்டரைக் கழற்றினாள். அடியில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. பெட்ரோல் ஏறும் பித்தளைத் துளை ஊசிக்காதைவிடச் சின்னது, அடைத்துப் போயிருந்தது. மெல்லிய கம்பியால் பொறுமையாகக் குத்தி எடுத்தாள்.

மாட்டிவிட்டு மறுபடி இழுத்தாள். குபுக்கென்று புகை விட்டு இன்ஜின் பிடித்துக்கொண்டது. அதே சத்தம். பயந்துபோய்க் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

மிஷின் நிற்கவில்லை.

கைப்பிடியில் கணவர் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தாள். டேப் ஒட்டினால் தீராத பிரச்சனை உலகத்தில் கிடையாது என்பவர் அவர். பிடி வழுக்காமல் இருக்கச் சுற்றியிருக்கிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அதிர்வில் டேப் ஓரிடத்தில் கிழிந்து, உள்ளே கட்டுக்கம்பி தெரிந்தது. கை வலிக்கிறதென்று லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறார் மனுஷன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். நாத்தனார் முகத்தில் ரத்தமே இல்லை. "யாரு ஓட்டறது? நான் அண்ணன்னு..." என்றவள், ஆளில்லாமல் ஓடும் மிஷினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். அணைக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. பெட்ரோல் தீர்ந்து அதுவாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"அன்னைக்கு நான் மேல துணி காயப்போட்டுட்டு இருந்தேன்" என்றாள் நாத்தனார். "சத்தம் நகராம ஒரே இடத்துலயே கேக்குதேன்னு தோணிச்சு. எட்டிப் பாக்கலாம்னு நெனச்சேன் அண்ணி. கையில ஈரத்துணி. பாக்கல."

"எனக்கும் தோணிச்சுடி. சத்தம் கேக்குதேன்னு இருந்துட்டேன்."

ஒரே கூரைக்குக் கீழே இத்தனை நாளாக ஆளுக்கொரு கல்லை மென்று விழுங்கிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். நாத்தனார் படியிலேயே உட்கார்ந்து அழுதாள். இவளுக்கு அழுகை வரவில்லை. அவர் பிடித்துக்கொண்டு கிடக்கவில்லை, டாக்டர் சொன்னது நிஜம்தான் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

குறடு கொண்டு கம்பியை வெட்டினாள். துருப்பிடித்த லீவர் கேபிளை மாற்றினாள். மறுநாள் இருவருமாகப் புல்லை வெட்டினார்கள். அவர் விழுந்த இடத்துக்கு வந்ததும் நாத்தனார், "நான் வெட்டறேன், குடுங்க" என்று வாங்கிக்கொண்டாள்.

இப்போது தெருவே தன் மிஷின்களை அவளிடம் கொண்டுவருகிறது. எந்த இன்ஜினைச் சரிசெய்தாலும் கடைசியில் ஓடவிட்டுக் கையை எடுத்துப் பார்ப்பாள். பட்டென்று நின்றால்தான் திருப்பிக் கொடுப்பாள். நின்ற பிறகு வரும் அந்த அமைதியில் மாடி ஜன்னல் திறக்கும்.

"அண்ணி?"

"இங்கதான் இருக்கேன்" என்று இவள் குரல் கொடுப்பாள்.