வலது கீழ் மூலையில் ஒரு பெயர்

சில்க் ஸ்கிரீன் அச்சுத் தொழிலில் பாதி நேரம் மை பூசுவதில் போகும், மீதி நேரம் அந்த மையைக் கையிலிருந்து கழுவுவதில் போகும். நகக்கண்ணில் கறுப்போடு கலியாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவர் தன் இலையை மெல்ல நகர்த்துவதைப் பார்த்த அனுபவம் உங்களுக்கு உண்டென்றால் நாம் ஒரே சாதி. மேலே படியுங்கள்.

ஒரு நிபந்தனை

எண்பதுகளின் கடைசியில் லண்டன் ஈஸ்ட் ஹாமில், சிவகுரு அண்ணையின் சேலைக் கடைக்குத் தீபாவளி மலிவு விற்பனைப் பலகை ஒன்று எழுதிக் கொடுத்தேன். அந்த வழியால் போன டெரெக் என்ற வெள்ளைக்காரர் கடைக்குள் வந்து, "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை நான் அவருடைய அச்சுப் பட்டறையில் வேலைக்கு நின்றேன்.

பெரிய கம்பெனி எதுவும் ஏறெடுத்துப் பார்க்காத இசைக்குழுக்கள், பத்துப் பேர் கூடிப் படம் பார்க்கும் சங்கங்கள், இவர்களுக்குப் போஸ்டர் அடிப்பதுதான் டெரெக்கின் தொழில். தெருவில் எங்கள் சனம் பெருகப் பெருக, கலியாண அழைப்பிதழும் வந்து சேர்ந்தது. அதற்குத் தமிழ் அச்செழுத்து கிடையாது. நான்தான் கையால் எழுதினேன். போஸ்டரை வரைந்தவரின் பெயர் வலது கீழ் மூலையில் அரிசி மணியளவில் வரும். அது அந்தப் பட்டறையின் வழக்கம். நான் மை இழுப்பேன், மூலையில் டெரெக் இருப்பார்.

எனக்கு அந்த மூலை வேண்டும். மூன்றாம் மாதம் வாய் திறந்து கேட்டேன். டெரெக் கோபப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. "ரஞ்சினி, நீ ஒரு போஸ்டர் செய்து, அதைத் தெருவில் போகிற யாராவது ஆசைப்பட்டுக் கழற்றிக்கொண்டு போகட்டும். அன்றைக்கே மூலை உன்னுடையது."

சித்தப்பாமாருக்கு இடம்

அதுவரைக்கும் அழைப்பிதழிலாவது என் கைவரிசையைக் காட்டுவோம் என்று, இல்ஃபோர்ட்டில் நடக்கவிருந்த ஒரு கலியாணத்துக்கு வேறு மாதிரி ஒன்று வரைந்தேன். நடுவில் மணமக்களின் பெயர், கீழே நாளும் இடமும், சுற்றிவர வெறும் வெள்ளை. கண்ணுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. டெரெக் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார்.

மணப்பெண்ணின் தாயார் கிட்டப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு நீளக் கடதாசித் துண்டை எடுத்து நீட்டினார். கனடா, பிரான்ஸ், நோர்வே, கொழும்பு என்று ஊர் வாரியாகப் பெயர்கள். வெள்ளையெல்லாம் நிரம்பும் வரை எழுதினேன். ஊரிலுள்ள உறவெல்லாம் என் கையால் அழைப்பிதழில் ஏறிவிட்டது, எனக்கு ஓர் அரிசி மணி இடம் இல்லை. தாயார் மட்டும் திருப்தியாகச் சொன்னார்: "இப்பதான் பிள்ளை இது கலியாணக் காட் மாதிரிக் கிடக்குது. முந்தி ஆருமில்லாத அநாதையளின்ரை கலியாணம் மாதிரியெல்லோ இருந்தது!"

வெள்ளிக்கிழமை ஏழு மணி

கெல்லி என்ற பெண் ஒரு குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். லண்டன் வீட்டுச் சுவர்களில் ஊறுமே ஓர் ஈரக் கறை, 'டாம்ப்' என்று கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதுவோமே, அதுதான் குழுவின் பெயர். டெரெக் அவர்களுக்கு ஒரு போஸ்டர் செய்தார். நான்கு பேரின் கறுப்பு வெள்ளை முகங்கள், ஒருவரும் சிரிக்கவில்லை. சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை. கீழே, வெள்ளி மாலை ஏழு மணி. எனக்கு அது முதல் பார்வையிலேயே பிடிக்கவில்லை. ஆனால் முதலாளியின் வேலை. மை இழுத்தேன்.

கெல்லி வந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தன் கடை நோட்டீஸை எடுக்கச் சிவகுரு அண்ணையும் வந்தார். போஸ்டரைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார்.

"ஐயோ, நாலும் குஞ்சுப் பிள்ளையள். ஒரே நாளிலையோ மோசம் போனதுகள்? விபத்தோ?" என்றவர் கீழ் வரியை எழுத்துக் கூட்டி வாசித்தார். "ஏழு மணிக்கோ பிரேதம் எடுக்கினம்? இருட்டிப் போயிடுமே, பிள்ளை!"

இந்த மனிதர் ஏன் கண்ணைத் துடைக்கிறார் என்று கெல்லி கேட்டாள். எங்கள் ஊரில் கறுப்புக் கரைக்குள் படம் வந்தால் அது மரண அறிவித்தல் என்று விளக்கினேன். அவள் போஸ்டரிலிருந்த தன் முகத்தைப் பார்த்தாள். பிறகு டெரெக்கை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "இதை நீ செய். நாங்கள் உயிரோடு இருக்கிற மாதிரிச் செய்."

கை பழகின வேலை

செய்தேன். முகங்களைத் தூக்கிவிட்டு, சுவரில் பரவும் ஒரு பெரிய ஈரக் கறையை வரைந்தேன். அதற்குள் குழுவின் பெயரை, ஆங்கில எழுத்துக்குத் தமிழ்ச் சுழி கொடுத்து எழுதினேன். நன்றாக வந்திருந்தது. நானே சொல்கிறேன், வேறு யார் சொல்வார்கள்?

போஸ்டர் அடித்துக் காய்ந்த அன்று காலை இல்ஃபோர்ட் அழைப்பிதழும் காய்ந்து கிடந்தது. அழைப்பிதழின் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுக் கொடுப்பது வழக்கம் அல்லவா? குழைத்த மஞ்சளை ஒரு பழைய ஜாம் போத்தலில் வைத்துக்கொண்டு தொட்டுக்கொண்டே போனேன். டெரெக்கின் இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தது. கையும் அதனோடு ஓடியது. அழைப்பிதழ் முடிந்ததைக் கை கவனிக்கவில்லை. பக்கத்து அடுக்கில் முப்பது போஸ்டருக்கு மேல் மஞ்சள் தொட்ட பிறகுதான் என் கண்ணே கண்டது. கடதாசியில் ஏறிய மஞ்சள் சாமானியத்தில் இறங்காது.

அந்த நேரம் பார்த்துக் கெல்லி உள்ளே வந்தாள். டெரெக் என்னைப் பார்த்தார். நான் இமைக்காமல், "அது டிசைன்" என்றேன். கெல்லி ஒரு மூலையை மூக்கருகே கொண்டுபோனாள். "எங்கள் பாட்டுக்கு இதுவரை ஒரு வாசம் இருந்ததே இல்லை. எல்லாவற்றுக்கும் பூசிவிடு."

காணாமல் போன பதினேழு

மூன்று நாள் கழித்துக் கெல்லி போன் செய்தாள். ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெரு நெடுகக் கம்பி வேலியில் கட்டிய பதினேழு போஸ்டரும் காணவில்லை. கிழிபடவில்லை, முடிச்சவிழ்த்துப் பக்குவமாகக் கழற்றப்பட்டிருக்கின்றன. டெரெக் போனை வைத்துவிட்டு, "ஒன்று போதும் என்றேன், நீ பதினேழு கொண்டுவந்திருக்கிறாய்" என்றார். எனக்கு அழுகை வந்தது. மை கழுவப் போகிறவள் போல உள்ளே போய் அழுதுவிட்டு வந்தேன்.

சந்தோஷத்தைச் சொல்லச் சிவகுரு அண்ணையின் கடைக்கு ஓடினேன். அங்கே சாமிப் படத்தின் கீழே, பூ வைத்து, பதினேழும் அடுக்கியிருந்தன.

"மஞ்சள் பூசின கடதாசி, பிள்ளை. எந்தக் கண்கெட்டவனோ கம்பியில கட்டிவிட்டிருக்கிறான். நாய் வந்து காலைத் தூக்குது. பாத்துக்கொண்டு நிக்க ஏலுமோ? எல்லாத்தையும் கழட்டிக்கொண்டு வந்திட்டன்."

என் அழகான எழுத்துக்காக ஒருவரும் ஆசைப்படவில்லை. டெரெக்கிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். பொய் எனக்கு வராது என்றில்லை, 'அது டிசைன்' என்றவள்தானே நான். ஆனால் இந்த மூலையைப் பொய் சொல்லி வாங்க மனம் வரவில்லை. போய் நடந்ததை அப்படியே சொன்னேன். டெரெக் சிரித்துச் சிரித்துக் கதிரையைப் பிடித்துக்கொண்டார். "நாய் காலைத் தூக்கக் கூடாதென்று ஒரு மனிதர் எடுத்துப்போய்ப் பூ வைத்திருக்கிறார். என் போஸ்டர் ஒன்றுக்கு இருபது வருடத்தில் யாரும் பூ வைத்ததில்லை."

அரிசி மணி

நிகழ்ச்சிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. அவை என் போஸ்டர்கள் என்று தெரிந்த சிவகுரு அண்ணைக்கு மனம் கேட்கவில்லை. காலடியில் கிடந்தால்தானே பிழை என்று, பதினேழையும் தன் கடையின் கண்ணாடியில், கூறைச் சேலைகளுக்கு மேலே, தலைக்கு மேல் உயரத்தில் வரிசையாக மாட்டிவிட்டார். பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மூலையில் என் பெயரை எழுதச் சொல்லி டெரெக் மெல்லிய பேனை ஒன்றைக் கொடுத்து அனுப்பினார். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறினேன். ரஞ்சினி, ரஞ்சினி என்று தமிழிலேயே பதினேழு தரம் எழுதினேன். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்த சிவகுரு அண்ணை கண்ணாடியை மூக்கில் ஏற்றி, ஒவ்வொரு மூலையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் அவருக்குத் தாங்கவில்லை.

"வெறும் ரஞ்சினி எண்டால் ஆர் எண்டு தெரியும்? ஆரின்ரை மகள் எண்டும் போடு, பிள்ளை. அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்குது!"

அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான மூலைகளில் அப்பாவின் பெயர் இல்லாமல் நான் தனியாகவே நின்றுவிட்டேன். அப்பா மன்னித்திருப்பார், சிவகுரு அண்ணை இன்னும் மன்னிக்கவில்லை.